சுவருக்கு ஜுரம் பார்த்த கதை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஐப்பசி மழை, இங்கேயும்தான்

அன்புள்ள அப்பாவுக்கு,

 

ஞாயித்துக்கிழமை போன்ல ரெண்டு கேள்வி கேட்டீங்க. ஒண்ணு, "வீட்டை வாங்கி எட்டு மாசம் ஆச்சே, வாடகை எவ்ளோ வருது?" இன்னொண்ணு, "அந்த ஊர்ல கொத்தனாரே கெடையாதா?" அதுக்குப் பதில் சொல்லிட்டு சும்மா இருந்திருக்கலாம். நம்ம பின்கட்டு ரூம் வேலைக்கு மூணு பேர்கிட்ட கொட்டேஷன் எழுதி வாங்குங்கன்னு சொல்லித் தொலைச்சேன். நீங்க போனை வெச்சிட்டீங்க. வாட்ஸ்அப்ல பேசி அனுப்பினா பாதியில நிறுத்திடுவீங்க, அதான் எழுதறேன். பாப்பா, நீ படிச்சுக் காட்டு. அப்பா எழுந்து கொல்லைக்குப் போனா பின்னாலேயே போய்ப் படி.

முதல் கேள்விக்குப் பதில்: பூஜ்யம். ரெண்டாவதுக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

கடலூர் ஓ.டி.யிலேர்ந்து ஆலப்பாக்கம் வரைக்கும் உங்க கரண்டி படாத தெரு கம்மி. அந்த மேஸ்திரி பெத்த புள்ள ஒரு சுவரைப் பூச ஆள் தெரியாம லண்டன்ல முழிக்கிறான்னு வெளியில சொல்லிக்காதீங்க. அத்தைகிட்ட சொல்லவே வேணாம். அவங்ககிட்ட "லண்டன்ல ரெண்டு வீடு"ங்கிறதோட நிறுத்திக்குங்க. அது பொய் இல்லை. ரெண்டுலயும் பெரும்பங்கு பேங்கோடதுங்கிறதை மட்டும் சொல்லாம விட்டா போதும்.

வீடு நூறு வருஷம் தாண்டினது. சிதம்பரத்துப் பழைய தெருவுங்கள்ல வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிக்கிட்டு நிக்குமே, அப்படி ஒரு வரிசையில நடுவுல ஒண்ணு. அம்மா இன்னும், ஏன் பால் காய்ச்சலைன்னு கேக்கறாங்க. காய்ச்சற அளவுக்கு அடுப்பங்கரை இருந்தா காய்ச்சியிருப்பேம்மா.

மொதல்ல வந்தவர் விலை மதிப்பிடறவர். விசாரிச்சு நல்ல ஆளா நாமளே வெச்சுக்கலாம்னு நெனைச்சிருந்தேன். அது ஆகாதாம். கடன் குடுக்கிற பேங்குதான் ஆளை அனுப்பும், செலவு மட்டும் என் தலையில. பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு பஜ்ஜி சொஜ்ஜி நம்ம செலவு, முடிவு அவங்களுது, அந்தக் கதைதான். கால் மணி நேரம்கூட இருக்கலையாம், வித்தவங்க சொன்னாங்க. நாங்க பேசி முடிச்ச விலையில பதினஞ்சாயிரம் பவுண்டைக் கொறைச்சு எழுதிட்டார். அம்மா, பவுன் இல்லை, பவுண்டு. மயக்கம் போடாதீங்க.

கோவம் வந்தது. அப்புறம் அதே காகிதத்தை வித்தவங்ககிட்ட நீட்டி எட்டாயிரம் கொறைச்சேன். அப்பதான் எனக்கு உறைச்சுது, அவர் எனக்காக வந்தவரே இல்லை. நான் கடனைக் கட்டாம ஓடிட்டா வீட்டை வித்து பேங்கு தன் பணத்தை எடுத்துக்க முடியுமா, அதைப் பாக்க வந்தவர். கூரை ஒழுகுதா, சுவர் நிக்குதாங்கிறதெல்லாம் என் பாடு.

நம்ம ஊர்ல ஒரு வீட்டுக்கு மூணு விலை. பத்திரத்துக்கு கைட்லைன் வேல்யூ, லோனுக்கு பேங்க் வேல்யூ, பெருமைக்கு டீக்கடை வேல்யூ. இங்கே டீக்கடை வேல்யூ எடுபடாது. 1995-லேர்ந்து எந்த வீடு எந்தத் தேதியில என்ன விலைக்குக் கைமாறிச்சுன்னு பதிவுத் துறையே இணையத்துல போட்டு வெச்சிருக்கு. யார் வேணா காசில்லாம பாக்கலாம். அத்தை மட்டும் இங்கே வந்தாங்கன்னா வேற வேலையே பாக்க மாட்டாங்க.

ரெண்டாவதா வந்தவர் சர்வேயர். நம்ம ஊரு சங்கிலி பிடிக்கிற சர்வேயர் இல்லை, இவர் வீட்டுக்கு வைத்தியம் பாக்கறவர். 1868-லேர்ந்து இருக்கிற ராயல் சங்கத்துல உறுப்பினர். பரிசோதனையில மூணு தரம் உண்டு. பழைய வீட்டுக்கு மூணாவது தரம் பாக்கறதுதான் நல்லதுன்னாங்க, நம்ம மாஸ்டர் செக்கப் மாதிரி. அறுபது பக்கத்துக்கு ரிப்போர்ட் வந்தது. கம்பளத்துக்கு அடியில பாக்க முடியலை. பீரோவுக்குப் பின்னால பாக்க முடியலை. பரண்ல பாதிதான் தெரிஞ்சது. இப்படியே போய், கடைசியில "சுவர்ல ஈரம் காணுது, அதுக்குத் தனியா ஒரு நிபுணரைப் பாருங்க"ன்னு முடிச்சிருந்தார். உள்ளூர் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கிற மாதிரி.

சரி, வீட்டை வாங்கினதும் மூணாவது ஆளா ஈர நிபுணரைக் கூப்பிட்டேன். "பரிசோதனை இலவசம்"னு விளம்பரம். இலவசம்னு பாத்ததும் நம்ம ஊரு குடிகாட்டு ரத்தம் துள்ளுமா இல்லையா? வந்தார். பையிலேர்ந்து டார்ச் லைட் அளவுக்கு ஒரு மீட்டரை எடுத்தார். முனையில ரெண்டு முள்ளு. சுவர்ல குத்தினார். பச்சை, மஞ்சள், சிவப்புன்னு விளக்கு ஓடி "கீ"ன்னு கத்திச்சு. நாலு அடி தள்ளிக் குத்தினார், அங்கேயும் கத்திச்சு. சின்ன ரூம் சுவர்ல குத்தினார், அதுவும் கத்திச்சு. ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பாத்தார், உங்க பையன் கணக்குல பெயிலுன்னு உங்ககிட்ட சொன்ன ஹெட்மாஸ்டர் மாதிரி.

வியாதி என்னன்னா, ஓதம் கீழேர்ந்து ஏறுதாம். சுவர்ல வரிசையா துளை போட்டு மருந்து ஏத்தணும், பழைய பூச்சை ஒரு மீட்டர் உயரத்துக்குக் கொத்தி எடுக்கணும், உள்பக்கம் அஞ்சு சென்டிமீட்டருக்குப் பலகை அடிக்கணும். 6,800 பவுண்டு. இன்னிக்கே கையெழுத்துப் போட்டா பத்து பர்சென்ட் தள்ளுபடி.

கையெழுத்துப் போடலை. ஆனா அந்த மீட்டர் மேல எனக்கு மோகம் பிடிச்சுது. அதே மாதிரி ஒண்ணு 22 பவுண்டுக்குக் கெடைச்சுது, வாங்கிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு வாரம் நான் நானா இல்லை. ஆபீஸ் விட்டு வந்தா கைகால் கழுவறதுக்கு முன்னாடி மீட்டர்தான். மொதல்ல நாங்க குடியிருக்கிற வீட்டுச் சுவர் பூரா குத்தினேன். அது முடிஞ்சதும் பிரெட், பஞ்சு மெத்தை, தொட்டிச் செடி. ஆவி பறக்கிற இட்லியில குத்தினா முழுச் சிவப்பு. முந்தாநாள் சப்பாத்தியில குத்தினா பச்சைகூட வரலை. "பாத்தியா, எவ்ளோ காஞ்சு கெடக்கு"ன்னு உங்க மருமககிட்ட காட்டினேன். அன்னிக்கு ராத்திரி மீட்டர் காணாமப் போச்சு. மூணு நாள் கழிச்சு அரிசி டப்பாவுக்குள்ள கெடைச்சுது. எடுத்ததும் அரிசியில குத்தினேன்.

ஒருநாள் உள்ளங்கையில வெச்சுப் பாத்தேன். வீட்டு வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி "கீ"ன்னு கத்திச்சு. அப்ப நான் அஞ்சே முக்கால் அடி உயர ஓதமா? எனக்கும் துளை போட்டு மருந்து ஏத்தினா என்ன ஆகும்? 2011-ல தானே புயல் அடிச்சப்போ ஓடு பறந்து மூணு நாள் நனைஞ்ச நம்ம கூடத்துச் சுவரை நெனைச்சுக்கிட்டேன். அதுக்கு மேல கடல் உப்பு வேற. இந்த மீட்டரை அங்கே வெச்சா கத்தாது, மோட்சம்தான்.

இதுக்கு நடுவுலதான் உங்களுக்கு வீடியோ கால் போட்டு சுவரைக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கலை நீங்க. "ஓதம்டா. கீழேர்ந்து ஏறுது. கொத்தி எடுத்துட்டு வாட்டர் ப்ரூஃப் கலந்து சிமெண்ட் பூசச் சொல்லு"ன்னீங்க. மீட்டர்காரரும் எங்கப்பாவும் ஒரே குரல்ல சொன்னா அதுக்கு மேல என்ன வேணும்? கையெழுத்துப் போட பேனாவை எடுத்துட்டேன்.

காப்பாத்தினது சின்ன ரூம். அந்த வீட்டை ஆளுக்கொரு ரூமா அஞ்சு பேருக்கு விடறதா யோசனை, சிப்காட் தொழிற்பேட்டைப் பசங்களுக்கு நாம பின்கட்டை விடற மாதிரி. ஒரே குடும்பமா இல்லாத அஞ்சு பேர் ஒரு வீட்ல தங்கினா இங்கே லைசென்ஸ் வேணும். அந்த வீட்ல ஒருத்தர் படுக்கற ரூம் 6.51 சதுர மீட்டருக்குக் கொறையக் கூடாதுன்னு 2018 அக்டோபர்லேர்ந்து சட்டம். நம்ம சின்ன ரூம் 2.10-க்கு 3.12. பெருக்கிப் பாத்தா 6.55. தப்பிச்சோம்னு இருந்தேன். மீட்டர்காரர் சொன்ன பலகையை நீளச் சுவர்ல அடிச்சா 2.10 போய் 2.05. பெருக்கிப் பாருங்க, 6.40 கூட முழுசா வரலை. அஞ்சு சென்டிமீட்டர் பலகையில ரூம் அலமாரி ஆயிடும். அதுக்கு 6,800 பவுண்டும் நான் குடுக்கணும். நம்ம பின்கட்டுல ஆறு பேர் படுக்கற இடத்தை இந்தக் கணக்குல அளந்தா நம்ம குடும்பத்தோட உள்ளே போகணும்ப்பா. அதைத் தனியா ஒருநாள் பேசுவோம்.

பேனாவை மூடிட்டு நாலாவது ஆளைத் தேடினேன். இவர் பாத்துச் சொல்றதுக்கு மட்டும் 400 பவுண்டு. "வேலையும் செய்ய மாட்டேன், மருந்தும் விக்க மாட்டேன், செய்யற ஆளையும் கைகாட்ட மாட்டேன்"னார். பின்னே எதுக்குய்யா 400-ன்னு வாய்வரைக்கும் வந்தது. "என்னிக்கு வரீங்க?"ன்னேன். "மழை பெய்யற அன்னிக்கு"ன்னார். லண்டன்ல அதுக்கு நல்ல நாள் பாக்க வேண்டியதில்லை. செவ்வாக்கிழமை வந்தார். உள்ளே வரலை. எதிர்ப் பக்கம் நடைபாதையில குடையைப் பிடிச்சுக்கிட்டு இருபது நிமிஷம் வீட்டை அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு விரலை மேலே நீட்டினார்.

கூரை ஓரத்துல மழைத் தண்ணி ஓடற கால்வாய் ஒரு இணைப்புல வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தது. உள்ளே புல்லு மொளைச்சிருந்தது. தண்ணி அங்கேர்ந்து சுவர் மேலேயே வழியுது. வெளியே எப்பவோ எவனோ பூசின சிமெண்ட் பூச்சு விரிசல் விட்டு, உள்ளே போன தண்ணியை வெளியே விடாம புடிச்சு வெச்சிருக்கு. சுவர் மேலேர்ந்து கீழே நனைஞ்சிருக்கு, கீழேர்ந்து மேலே இல்லை. கடைசியாத்தான் அவர் மீட்டரையே வெளியே எடுத்தார். அது தண்ணியை அளக்கறதே இல்லையாம். ரெண்டு முள்ளுக்கு நடுவுல மின்சாரம் எவ்ளோ சுலபமா ஓடுதுன்னு பாக்குது. மரத்துக்குன்னு அளவு வெச்ச கருவி அது. பழைய பூச்சுல உப்பு பூத்திருந்தாலே கத்தும். உப்புக்குக் கத்தும், இட்லிக்குக் கத்தும், எனக்கும் கத்தும்.

கால்வாயைச் சரி பண்ண ஏணியோட சேத்து 340 பவுண்டு. கெட்ட பூச்சைக் கொத்திட்டு சுண்ணாம்பு பூசிக் காய விடணும். காயறதுக்கு மாசக்கணக்குல ஆகும். வாடகை ஏன் பூஜ்யம்னு இப்போ தெரிஞ்சுதா?

ஒண்ணு சொல்லிடறேன். நீங்க ஓதம்னு சொன்னது உங்க தப்பு இல்லை. மீட்டர்காரர் எங்கே குத்திக் காட்டினாரோ அங்கேதான் நான் போனைக் காட்டினேன். அடிச்சுவரைக் காட்டினா அடிச்சுவர் வியாதியைத்தானே சொல்வீங்க. ஓதம்னு சொன்ன ரெண்டு நிபுணர்ல ஒருத்தர் மாமான்னு உங்க மருமக சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. நான் சிரிக்கலை.

இனி வேலைக்காரங்க கதை. குளியலறைக்கு மொதல்ல பிடிச்ச ஆளு நம்மாளுதான். வார்த்தைக்கு வார்த்தை "தம்பி". எழுதி வாங்கினா நல்லாவா இருக்கும்னு நானும் கேக்கலை. பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கினார். ரெண்டே நாள்ல இடிச்சார். இடிக்கறதுல சூரர். அதுக்கப்புறம் போனை எடுக்கலை. ஏழு வாரம் அந்த வீட்ல கழிவறைப் பீங்கான் கூடத்துல உக்காந்திருந்தது, ராஜா மாதிரி.

அடிபட்ட பிறகுதான் புத்தி வந்தது. என்னென்ன வேலை, என்ன சாமான், எத்தனை அடின்னு ஒரே பட்டியலை எழுதி மூணு பேருக்குக் குடுத்தேன். ஒம்பதாயிரம், பதினோராயிரம், பதினேழாயிரம்னு வந்தது. ஒம்பதாயிரத்துல 20 பர்சென்ட் வாட் வரி சேரலை, இடிச்ச குப்பையை அள்ளற செலவு சேரலை. சேத்தா அதுதான் நடுவுல இருக்கிற ஆளைவிட ஜாஸ்தி. கேஸ் வேலைக்கு வர்றவர் 2009-லேர்ந்து இருக்கிற கேஸ் சேஃப் பதிவுல இருக்கணும். அவர் காட்டற பதிவு அட்டையோட முன்பக்கத்துல போட்டோ இருக்கும், எல்லாரும் அதைப் பாத்துட்டு விட்டுடறாங்க. பின்பக்கம் திருப்பணும். எந்தெந்த வேலைக்கு அவர் தேறினவர்ங்கிறது அங்கேதான் இருக்கு. வாடகைக்கு விட்டா கேஸ் சோதனை வருஷா வருஷம், கரண்ட் ஒயரிங் சோதனை அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம். அட்வான்ஸ் பத்து பர்சென்ட், அப்புறம் முடிஞ்ச வேலைக்குத்தான் பணம், கடைசி அஞ்சு பர்சென்ட் ஆறு மாசம் கழிச்சு.

உங்க சொல் ஒண்ணும் உதவிச்சு. "நேத்து பூசின சுவரைக் காட்டாதே, மூணு மழை பாத்த சுவரைக் காட்டு"ன்னு சித்தாளுங்களைத் திட்டுவீங்களே. அதையே இங்கிலீஷ்ல கேட்டேன். ரெண்டு பேர் போன மாசம் முடிச்ச வீட்டு போட்டோவை அனுப்பினாங்க. பதினோராயிரத்துக்காரர் மட்டும் நாலு வருஷத்துக்கு முந்தி பண்ணின வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். அவரைத்தான் வெச்சிருக்கேன். வந்த அன்னிக்கு சுவரைப் பாத்து "ஸ்ஸ்"னு மூச்சை இழுத்து, "எவன் இதைப் பூசினவன்?"னார். எனக்கு உடம்பெல்லாம் குளுந்து போச்சு. ஓ.டி.யில ஒரு வீட்ல நீங்க அதே மாதிரி கத்தினப்போ, "பன்னெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் மேஸ்திரி"ன்னு அந்தம்மா சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க மறந்திருப்பீங்க. நான் மறக்கலை.

மூணு கொட்டேஷன்னு நான் சொன்னது உங்களுக்கு ஏன் உறுத்திச்சுன்னு எனக்குத் தெரியும்ப்பா. நீங்களே அளந்தீங்க, நீங்களே ரேட்டு சொன்னீங்க, நீங்களே வேலை செஞ்சீங்க, நீங்களே பில்லு போட்டீங்க. இந்த ஊரு கணக்குல நீங்கதான் மீட்டர்காரர். ஆனா மழை வந்தா குடையை எடுத்துக்கிட்டு நீங்க கட்டின வீட்டுக்கெல்லாம் போய் வெளியே நின்னு அண்ணாந்து பாப்பீங்க. கணக்கு முடிஞ்சு பணம் வாங்கி வருஷம் ஆகியிருக்கும். "உங்கப்பா எதுக்குடா அடுத்தவங்க ஊட்டை மொறைச்சுப் பாக்கறாரு"ன்னு பசங்க கேப்பானுங்க. எனக்கு மானம் போகும். அன்னிக்கு எதிர்ப் பக்கம் குடையோட அந்த ஆள் நின்னப்போ எனக்கு அந்த மானம்கெட்ட நெனைப்புதான் வந்தது. ஜன்னல்கிட்ட ரொம்ப நேரம் நின்னேன்.

பூச்சு விரிஞ்சா மறுநாள் அதே தெருவுல நடக்கணும், அதே டீக்கடையில உக்காரணும். அது உங்களுக்கு கியாரண்டி கார்டு. இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது, அதான் இத்தனை அட்டை, இத்தனை கையெழுத்து.

ஆனா ஊர்க்காரன்னாலே சரியா அளப்பான்னும் நான் சொல்லலை. நம்ம வீட்டுக்குப் பின்னாடியே பாத்தோமே. சிப்காட் ஃபேக்டரிங்களால காத்து நாறுதுன்னு ஜனங்க சொன்னா, அளவெல்லாம் சரியா இருக்குன்னு பதில் வரும். அளந்தவங்க யாரும் ராத்திரி அங்கே படுக்கறவங்க இல்லை. கடைசியில 2004-ல சிப்காட்டைச் சுத்தி இருக்கிற ஊர் ஜனங்களே பக்கெட்டுக்குள்ள பையை மாட்டி, நாத்தம் வர்ற நேரத்துல காத்தைப் புடிச்சு அமெரிக்காவுல இருக்கிற லேபுக்கு அனுப்பினாங்க. இங்கே இல்லாத வியாதிக்குக் கத்துது மீட்டர். அங்கே இருக்கிற வியாதிக்கு வாயைத் தொறக்கலை. பக்கெட்டைத் தூக்கினவங்களுக்கு விக்கவும் ஒண்ணும் இல்லை, ஓடிப்போகவும் வேற வீடு இல்லை.

அதனால பின்கட்டு வேலைக்கு உங்க சிஷ்யப்பிள்ளையையே வெச்சுக்குங்க. அவர் நாலு வீடு தள்ளித்தானே இருக்கார். மூணு கொட்டேஷன் பேச்சை வாபஸ் வாங்கிக்கறேன். அட்வான்ஸ் மட்டும் பத்து பர்சென்ட்டுக்கு மேல குடுக்காதீங்க. அவருக்கு வருத்தமா இருந்தா அம்மா ஒரு வேளை மீன் கொழம்பு ஊத்திச் சரிக்கட்டட்டும்.

இப்போ மழை வலுத்திடுச்சு. குடையை எடுத்துக்கிட்டு அந்த வீட்டு வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரேன். உள்ளே போகப் போறதில்லை, எதிர்ப் பக்கம் நின்னு பாத்துட்டு வரேன்.

இப்படிக்கு
உங்கள் மகன்

பின்குறிப்பு: பொங்கலுக்கு வர்ற சிநேகிதன்கிட்ட அந்த மீட்டரைக் குடுத்தனுப்பறேன். மருமக உத்தரவு. நம்ம சுவர்ல குத்தாதீங்க, அம்மாகிட்ட குடுங்க. வடகம் காஞ்சிடுச்சான்னு பாக்கலாம்.